எலும்புக்கு எத்தனை வயது?

பத்து வயதுச் சிறுவன், வகுப்பிலேயே குட்டை. மருத்துவர் அவனுடைய இடது கையை மட்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு, "எலும்புக்கு எட்டு வயதுதான் ஆகிறது" என்கிறார். பெற்றோருக்குத் திக்கென்றிருக்கும். ஆனால் வேறு கோளாறு எதுவும் இல்லையென்றால் இது பெரும்பாலும் நல்ல சேதி. பையன் நிதானமாக வளர்கிறான். வளர்வதற்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

குழந்தையின் எலும்புகள் தொடக்கத்தில் பெருமளவு குருத்தெலும்புதான். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் பிறந்த குழந்தையின் மணிக்கட்டைப் படம் பிடித்தால், எட்டுச் சிற்றெலும்புகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். முதல் சில மாதங்களில் அங்கே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் முளைக்கின்றன. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர, பட்டாணி அளவிலான கடைசி எலும்பு தலைகாட்டுவதற்குள் குழந்தைக்கு ஒன்பது, பத்து வயது ஆகிவிடும்.

பெரிய பிள்ளைகளிடம் பார்க்க வேண்டியது விரல் எலும்புகளை. ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் ஒரு சிறு மூடி. மூடிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு கருங்கோடு. அந்தக் கோடுதான் வளர்ச்சித் தட்டு. எலும்பு நீள்வது அங்கேதான். மூடி முதலில் புள்ளியாக இருந்து, தண்டின் அகலத்துக்கு விரிந்து, பிறகு அதன் ஓரங்களைத் தொப்பிபோலக் கவிந்துகொள்ளும். முடிவில் கருங்கோடு மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். பெண் குழந்தைகளிடம் இதெல்லாம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே நடந்துவிடுகிறது.

ஒரே படத்தில் இத்தனை எலும்புகள் கிடைப்பதால்தான் கையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலோர் வலக்கையர் என்பதால் இடது கையில் பழைய காயங்கள் குறைவு. கதிர்வீச்சைப் பற்றிக் கவலை வேண்டாம்; சில மணி நேரத்தில் இயற்கையிலிருந்தே நமக்குக் கிடைக்கும் அளவுக்கு மேல் போகாது.

படத்தை எதனோடு ஒப்பிடுவது? கிரூலிக், பைல் என்ற ஆய்வாளர்கள் 1950இல் வெளியிட்ட, வயதுவாரியான கை எக்ஸ்ரே படத்தொகுப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதிலுள்ள படங்கள் 1930களிலும் 1940களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து வசதியான வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளுடையவை. உலகத்துக் குழந்தைகளையெல்லாம் அவர்களோடு வைத்து அளப்பது எனக்கு எப்போதும் நெருடல்தான். டானர், வைட்ஹவுஸ் என்ற இருவரின் பெயரிலுள்ள இன்னொரு முறையில் ஒவ்வொரு எலும்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். நுணுக்கமானது, நேரம் பிடிப்பது. ஒரே படத்துக்கு இரு மருத்துவர்கள் சொல்லும் வயது சில மாதங்கள் வேறுபடுவது சகஜம். 2017இல் வட அமெரிக்கக் கதிரியக்கச் சங்கம் 12,000க்கும் மேற்பட்ட படங்களைக் கொடுத்துக் கணினி நிரல்களுக்குப் போட்டி வைத்தது. முதலிடம் பெற்ற நிரலின் கணிப்பு, நிபுணர்கள் சொன்னதிலிருந்து சராசரியாக நான்கு மாதமே விலகியிருந்தது.

வளர்ச்சித் தட்டை மூடுவது எது? ஆண்களிடமும் அது, பெண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஈஸ்ட்ரோஜன்தான். 1994இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதை உறுதிப்படுத்தியது. அதில் விவரிக்கப்பட்ட ஆணுக்கு 28 வயது, உயரம் 204 செ.மீ., இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். எலும்பு வயதோ 15! அவர் உடலில் ஈஸ்ட்ரோஜன் தாராளமாக இருந்தது. அதை ஏற்கும் புரதம் மரபணுப் பிழையால் வேலை செய்யவில்லை. பருவம் முந்தி வரும் குழந்தைகளிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் வகுப்பிலேயே உயரமாக நிற்பார்கள். தட்டுகள் சீக்கிரம் மூடிவிட, பெரியவர்களானதும் குட்டையாக நின்றுவிடுவார்கள். தைராய்டு சுரப்போ வளர்ச்சி ஹார்மோனோ குறைந்தால் எலும்பு வயது பின்தங்கும்.

ஆக, எலும்பு வயது கடந்துபோன ஆண்டுகளின் கணக்கு அல்ல. எவ்வளவு வளர்ந்தாயிற்று, எவ்வளவு பாக்கி என்ற கணக்கு. பெயரில் 'வயது' ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் பிறப்புச் சான்றிதழ் இல்லாத இடத்தில் இதைத் தேடுகிறார்கள். பதின்வயதில் நல்ல ஆரோக்கியமுள்ள பிள்ளைகளிடமே எலும்பு வயது இரண்டு ஆண்டு முன்பின் இருக்கலாம். பதினேழா பதினெட்டா என்ற வழக்குக்கு இது எப்படித் தீர்ப்புச் சொல்லும்?

அந்தப் பத்து வயதுச் சிறுவனுக்கும் ஒரு படத்தோடு வேலை முடிவதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து இன்னொன்று எடுப்பார்கள். அதற்குள் அவன் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தான், எலும்பு எத்தனை மாதம் முன்னேறியது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.