மலை வளைவில் மூன்று சக்கரம்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இந்தப் பாதையில் ஆட்டோ ஓட்டிப் பழகியவரைக் கேட்டால், ஏறுவதைப் பற்றி அலுத்துக்கொள்வார். எச்சரிப்பதென்னவோ இறங்குவதைப் பற்றித்தான். ஏறும்போது வண்டி முக்கும், முனகும், ஆனால் வளைவில் சாதுவாகத் திரும்பும். இறங்கும்போது அதே வண்டி, அதே வளைவு, அதே மூன்று பேர், ஆனால் முரண்டு பிடிக்கும். வேகம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஏறிய வேகத்திலேயே இறங்கினாலும் ஆபத்து ஒரு படி கூடுதல்தான். மிச்சக் காரணம், மூன்று சக்கரங்களும் சேர்ந்து தரையில் போடும் முக்கோணம். அதற்குள் பயணி எங்கே உட்காருகிறார் என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

வண்டி, டிரைவர், பயணிகள், சாமான் எல்லாவற்றின் எடையும் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதுதான் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளியிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு போட்டால், நிற்கும் வண்டியில் அது முக்கோணத்துக்குள் விழும். வளைவில் திரும்பும்போது வெளியே தள்ளும் மையவிலக்கு விசை எடையோடு சேர்ந்துகொள்ள, கோடு வெளிப்பக்கம் சாயும். சாய்ந்து முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும்.

காருக்கு இது செவ்வகம். எடை முன்னே போனாலும் பின்னே வந்தாலும் பக்கவாட்டு இடைவெளி மாறாது. ஆட்டோவில் முன்னே போகப் போகக் குறுகிக்கொண்டே வரும், கடைசியில் ஒற்றைச் சக்கரத்தில் போய் முடியும். மொத்தச் சங்கதியும் இதற்குள் இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டால் தெளிவாகும். சாதாரணப் பயணிகள் ஆட்டோவில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 2 மீட்டர். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே சுமார் 1.15 மீட்டர். மூன்று பேர் ஏறிய பிறகு ஈர்ப்பு மையம் முன் சக்கரத்திலிருந்து 1.3 மீட்டர் பின்னால், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் முக்கோணத்தின் ஓரம் நடுக்கோட்டிலிருந்து சுமார் 37 செ.மீ. தூரத்தில் இருக்கும். அதே அகலமுள்ள நான்கு சக்கர வண்டி என்றால் 57 செ.மீ. கிடைத்திருக்கும். 37-ஐ 60-ஆல் வகுத்தால் 0.62. அதாவது பக்கவாட்டு விசை, எடையில் 62 சதவீதத்தை எட்டினால் சக்கரம் தூக்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது மணிக்கு 28 கி.மீ. வேகம்.

இறங்கும்போது, வளைவுக்குள் நுழைந்த பிறகு டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார் என்று வையுங்கள். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான விசையில் பிரேக் பிடித்தாலே அந்தக் கோடு 18 செ.மீ. முன்னே நகரும். சரிவும் தன் பங்குக்கு 4 செ.மீ. தள்ளும். எடை இப்போது முக்கோணத்தின் குறுகிய பக்கத்துக்கு வந்துவிட்டது, 37 செ.மீ. என்பது 31 ஆகிறது. ஏறும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. சரிவு எடையைப் பின்னே, அகலமான பக்கத்துக்குத் தள்ளுகிறது, ஆக்சிலேட்டரும் அதற்கு ஒத்தாசை செய்கிறது. ஏறும் ஆட்டோ சாதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட்டு, உள்ளே போனதும் லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துத் திருப்புவதுதான் நல்ல டிரைவரின் வழக்கம். அதில் இருப்பது இந்த முக்கோணக் கணக்குதான். அவர் அதை உட்காருமிடத்தில் உணர்ந்து கற்றிருப்பார்.

பயணியின் பங்குக்கு வருவோம். ஆட்டோவின் பின் சீட்டு ரெக்சின் உறை போட்ட, நீளமான, தட்டையான பெஞ்சு. நாள்பட்டால் பளபளவென்று வழுவழுத்துப் போயிருக்கும். வளைவில் உட்கார்ந்திருப்பவர்கள் அதன்மேல் வழுக்கி வெளிப்பக்கம் நகர்வார்கள், அதாவது எந்தப் பக்கம் எடை போகக் கூடாதோ அந்தப் பக்கம். வண்டி 350 கிலோ, டிரைவரோடு சேர்த்து நான்கு பேருக்கு 260 கிலோ என்றால் மொத்தம் 610. பின்னால் இருக்கும் மூவரும் 15 செ.மீ. வெளியே நகர்ந்தால் மொத்த ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 5 செ.மீ. நகர்கிறது. மிச்சமிருந்த 31-இல் 5 போனால் 26. மேலே கேரியரில் பைகளைக் கட்டி ஈர்ப்பு மையத்தை 6 செ.மீ. உயர்த்தினால், 28 கி.மீ. வேகத்தில் தாங்கிய வளைவை இப்போது 22-இலேயே தாங்காது. ஒவ்வொன்றும் தனித்தனியே சின்ன விஷயம். நாலும் ஒரே வளைவில் சேர்ந்துகொள்வதுதான் கவலை.

ஒருவர் மட்டும் பயணம் செய்தால் சீட்டின் நடுவில் உட்கார வேண்டும். காற்று வருகிறதென்று ஓரத்தில் உட்கார்வது நேர்ரோட்டுக்குச் சரி. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவின் உள்பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும். வலது பக்கம் திரும்பும் வளைவுகளில் உடம்பு இடப்பக்கம் தள்ளப்படும், நாம் ஏறி இறங்கும் திறந்த பக்கம் அதுதான். குழந்தையை மடியில் வைத்திருப்பவர் அந்த ஓரத்தில் உட்காரவே கூடாது. "நடுவுல தள்ளி உட்காருங்கக்கா, பாப்பாவ உள்ளார வெச்சுக்கங்க" என்று டிரைவர் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம்.

டிரைவருக்கு இரு பக்கமும் ஆளுக்கொருவராக ஒட்டிக்கொண்டு போகும் வழக்கமும் இருக்கிறதே, அது சட்டப்படியும் தப்பு, முக்கோணத்துக்கும் ஆகாது. இரண்டு பேர் முன்னால் ஏறினால் ஈர்ப்பு மையம் சுமார் 10 செ.மீ. முன்னே போய்விடும். பிரேக்கைத் தொடாமலே எந்நேரமும் லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடும் வண்டியின் நிலைமை அது. டிரைவரின் முழங்கைக்கு இடமில்லாமல் ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பாது என்பது அதற்கு மேல்.

இந்த வடிவம் மலைக்காகப் பிறந்ததில்லை. 1948-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம், போருக்குப் பிந்தைய ஊர்களில் சில்லறைச் சரக்கு ஏற்ற, ஸ்கூட்டரின் பின்பாதியை அகலமாக்கி இரண்டு சக்கரம் போட்டது. நம் ஆட்டோ அந்த வம்சம். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் சட்டென்று திரும்ப அது கெட்டிக்கார வடிவம். அதற்குக் குறை சொல்ல முடியாது.

இடமும் வலமும் ஒரே மாதிரி இல்லாத மூன்று சக்கரமும் உண்டு, சைடு கார்: மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும் இருக்கைத் தொட்டி. நம் நாட்டில் அதை மோட்டார் சைக்கிளின் இடப்பக்கம் பொருத்துவார்கள். வலது பக்கம் திரும்பினால் விசை இடப்பக்கம் தள்ளும்; அங்கே சக்கரம் ஊன்றி நிற்பதால் பயமில்லை. இடது பக்கம் திரும்பினால் காலியான சைடு கார் அப்படியே தூக்கிக்கொள்ளும். ஆள் உட்கார்ந்திருந்தால் அவருடைய எடையே அதை அமுக்கிப் பிடிக்கும். பயணி ஏறினால் பாதுகாப்பு கூடுகிற வண்டி என்று இது ஒன்றைத்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. சைடு கார் பந்தயங்களில் இரண்டாவது ஆளின் வேலையே வளைவுக்கு வளைவு உடம்பை இங்கும் அங்கும் தூக்கிப் போடுவதுதான். காலி சைடு காரோடு மலை ஏற வேண்டியிருந்தால் அதில் மணல் மூட்டை போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாற்றுத்திறனாளிகள் ஓட்டும், பின்னால் பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை எல்லா ஊர்களிலும் பார்க்கிறோம். சேலத்தில் நால்ரோடு சிக்னலில் நின்றால் கண்ணில் படாமல் போகாது. இங்கே பிரச்சினை வேறு. இரண்டு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். பக்கச் சக்கரம் போட்டதும் சாய முடியாது, ஸ்பிரிங் வைத்திருந்தால் வெளிப்பக்கம்கூடச் சாயும். இரண்டு சக்கரம் ஓட்டிப் பழகியவர் முதலில் தடுமாறுவதும் இதனால்தான். வேகத்தில் பைக்கை வலது பக்கம் சாய்க்க, நம்மை அறியாமலே ஹேண்டில்பாரை ஒரு கணம் இடப்பக்கம் தள்ளுகிறோம். மூன்று சக்கரத்தில் இடப்பக்கம் தள்ளினால் வண்டி இடப்பக்கமே போகும். பின்னால் ஒருவர் ஏறினால் எடை பின் அச்சுக்கு மேலேயே போய் உட்காரும். சமவெளியில் தெரியாது, ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகி, திருப்பினாலும் திரும்பாமல் நழுவும். பின்னால் இருப்பவர் முன்னே ஒட்டி உட்கார வேண்டும். காலைத் தொங்கவிடவே கூடாது, பைக்கில் ஒன்றுமில்லாத இடத்தில் இங்கே சக்கரம் சுழல்கிறது.

சரி, கவிழாமல் போய்ச் சேருகிறோம். இடுப்பு ஏன் இப்படி வலிக்கிறது?

குழியைக் கார் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்டும், பைக் ஒதுங்கிப் போகும். மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். நடுவில் விட நினைத்தால் முன் சக்கரம் இறங்கும், முன் சக்கரத்தை ஒதுக்கினால் பின் சக்கரம் ஒன்று இறங்கும். சக்கரமும் சிறிது, டயரோடு சேர்த்து சுமார் 40 செ.மீ. விட்டம். பெரிய சக்கரம் மேலோடு தாண்டும் பள்ளத்தில் சின்னச் சக்கரம் உள்ளே போய் விளிம்பில் முட்டிக்கொண்டு வரும். பயணி உட்காருவதோ பின் சக்கரங்களுக்கு மேலேயே. நொடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழுமாக ஆடும் அதிர்வுதான் மனித உடம்பைப் படுத்துவதில் முதலிடம், முதுகெலும்பும் வயிறும் அதோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். ஒதுங்க வழியில்லை என்றால் வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே மருந்து. முதுகைச் சாய்மானத்தில் அழுத்திக்கொள்ளாமல் காலில் கொஞ்சம் எடையை ஏற்றினால் அடி முதுகுக்கு முழுதாக வராது.

வயிற்றைப் பிரட்டுவது வேறு விஷயம். காதுக்குள்ளிருக்கும் சமநிலை உறுப்பு "திரும்புகிறோம்" என்கிறது. ஆட்டோவின் கூரை தாழ்வாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவது முன்னிருப்பவரின் முதுகுதான், அது "சும்மா இருக்கிறோம்" என்கிறது. மூளை குழம்புகிறது. குனிந்து வெளியே தூரத்தில் தெரியும் ரோட்டைப் பார்த்தால் பாதி சரியாகும். போன் பார்ப்பதை ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பக்கவாட்டில் தள்ளுவதை அடியோடு ஒழிக்கவும் வழி இருக்கிறது. 2006-இல் வந்த பியாஜியோ எம்பி3, 2018-இல் வந்த யமஹா நைக்கன் போன்ற, சாய்ந்து திரும்பும் மூன்று சக்கர வண்டிகளில் இரண்டு சக்கரம் முன்னால், ஒன்று பின்னால். முன் சக்கரங்களை இணைக்கும் கை அமைப்பு, வண்டி சாயும்போது இரண்டு சக்கரங்களையும் சேர்த்துச் சாய்க்கும். எடையும் மையவிலக்கு விசையும் சேர்ந்த மொத்த விசை சீட்டுக்கு நேராகவே கீழிறங்குவதால், பின்னால் இருப்பவரை எந்தப் பக்கமும் தள்ளாது. இரண்டு சக்கரம் முன்னால் இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது எடை அகலமான பக்கம் நோக்கிப் போகும். நம் பாதையில் இறங்குவதற்கென்றே போட்ட வடிவம் மாதிரி இருக்கிறது. ஆனால் விலையும் பராமரிப்பும் பார்த்தால், மூன்று பேரையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிப் பிழைக்கும் தொழிலுக்கு அது ஆகாது.

அப்புறம் பிரேக் சூடு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். 600 கிலோ வண்டி 1,200 மீட்டர் இறங்கினால் 70 லட்சம் ஜூலுக்கு மேல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 24 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்னும். மிச்சத்தை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக் டிரம்முக்குள் இருக்கும் லைனர்தான் வாங்க வேண்டும். அளவு மீறிச் சூடானால் லைனரின் பிடிமானம் குறையும், டிரம்மும் விரியும், மிதி ஆழமாக இறங்கும், வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதற்காக. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறக்கும் டிரைவரிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்கப் பயணிக்கு முழு உரிமையும் உண்டு. கருகிய வாசனை வந்தால் ஓரம் கட்டி ஆற விட வேண்டும், சூடான டிரம்மில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும்.

மின்சார ஆட்டோவில் கதை கொஞ்சம் மாறுகிறது. அதன் மோட்டாரே இறக்கத்தில் மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பி வண்டியைப் பிடித்து நிறுத்தும். 70 லட்சம் ஜூல் என்பது கிட்டத்தட்ட 2 யூனிட் மின்சாரம், அதில் பாதி திரும்பினாலும் நல்ல லாபம். ஆனால் முழுதாக நிரம்பிய பேட்டரிக்கு அந்த மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. மோட்டாரின் பிரேக் ஓய்ந்து, மொத்தச் சுமையும் டிரம்மின் தலையில் விழும். ஏற்காட்டில் இரவு தங்கிக் காலையில் இறங்குபவர்கள் 100 சதவீதம் சார்ஜ் ஏற்ற வேண்டாம். 80-இல் பிளக்கைப் பிடுங்கினால் போதும், மிச்சத்தை மலையே ஏற்றிக் கொடுக்கும்.