காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடுவது ஏன்? மலைச் சைக்கிள் டயரின் இயற்பியல்

கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், சுமார் 3 கிலோமீட்டர் தூரத்துக்குள் 400 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கும் ரீபேக் என்னும் மண்பாதையில், 1976 அக்டோபர் மாதம் சில இளைஞர்கள் நேரம் குறித்துச் சைக்கிள் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள். எடை குறைந்த, பல கியர்கள் கொண்ட ரோடு சைக்கிள்கள் அன்றைக்கே கடைகளில் தாராளமாகக் கிடைத்தன. ஆனாலும் அவர்கள் தேடிப் பிடித்து ஓட்டியவை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட, இருபது கிலோவைத் தாண்டும் பழைய ஷ்வின் சைக்கிள்கள். அந்த எடையைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம், 1933இல் ஷ்வின் நிறுவனம் அமெரிக்கச் சந்தையில் அறிமுகப்படுத்திய 2.125 அங்குல அகலமுள்ள பலூன் டயர். 1977இல் ஜோ பிரீஸ் மலைப்பாதைக்கென்றே ஒரு சட்டகத்தைப் புதிதாகக் கட்டியபோதும், அந்த 26 அங்குல பலூன் டயருக்கு இடம் விட்டே கட்டினார். மலைச் சைக்கிள் என்ற வண்டியே அந்த டயரைச் சுற்றித்தான் உருவானது.

இன்று டயர் வாங்கப் போகிறவர் கடையில் பெயர்களையும், டயரின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளான பட்டன்களின் வடிவங்களையும், ரப்பர் வகைகளையும், உறையின் தடிமன்களையும் கண்டு திகைக்க நேரிடுகிறது. இவை அனைத்தையும் ஒரே இழையில் கோக்கலாம் என்பது என் கருத்து. கரடுமுரடான தரையில் பிடிப்பைத் தருவது முதலில் குறைந்த காற்றழுத்தம். டயரின் மற்ற அம்சங்களில் பெரும்பகுதி, அந்தக் குறைந்த அழுத்தத்தை டயரும் ரிம்மும் தாங்குவதற்கும் அதனால் கிடைக்கும் தொடுபரப்பைச் சரியாகப் பயன்படுத்துவதற்கும் செய்யப்பட்ட ஏற்பாடுகள்.

முதலில் ஒரு சிறிய கணக்கு. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றும், அதில் அறுபது விழுக்காடு பின்சக்கரத்தின் மேல் விழுகிறது என்றும் கொண்டால், அந்தச் சக்கரம் ஏறக்குறைய 500 நியூட்டன் விசையைத் தாங்குகிறது. டயர் தரையில் எவ்வளவு பரப்பில் படிகிறது என்பதை, இந்த விசையை உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்து ஓரளவு சரியாகவே கணிக்கலாம். 50 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தின் மேல் 50 பவுண்டு) அழுத்தத்தில் தொடுபரப்பு 14 அல்லது 15 சதுர சென்டிமீட்டர். 25 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அது இரு மடங்காகி 29 சதுர சென்டிமீட்டரை எட்டுகிறது. டயர் உறையின் விறைப்பும் எடையில் ஒரு சிறு பங்கைத் தாங்குவதால் உண்மையான பரப்பு இதிலிருந்து கொஞ்சம் மாறும் என்றாலும், போக்கு இதுதான். அகலமான டயர் இதே அழுத்தத்தில் அதிகப் பரப்பைத் தருவதில்லை என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது: பரப்பு அதேதான், அதன் வடிவம் மட்டும் நீளம் குறைந்து அகலம் கூடியதாக மாறுகிறது.

பள்ளிக்கூடத்தில் உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததன்று என்று படித்தவர்களுக்கு இங்கே ஓர் ஐயம் எழுவது நியாயம். அந்த விதி இரும்பு, மரம் போன்ற கடினமான திடப்பொருள்களுக்குத் தோராயமாகப் பொருந்துகிறது. ரப்பர் அதற்குக் கட்டுப்படுவதில்லை, மண்பாதையோ சமதளமாகவே இருப்பதில்லை. மென்மையாகக் காற்றடைத்த டயர் ஒரு கூழாங்கல்லின் மேல் ஏறும்போது அதன் முனையில் மட்டும் நிற்காமல் அதைச் சுற்றிக் கவிந்துகொள்கிறது. கல்லின் பக்கச் சரிவுகளிலும் ரப்பர் அழுந்துவதால், சறுக்க வேண்டுமானால் டயர் அந்தக் கல்லைப் பெயர்க்க வேண்டும் அல்லது தன் உருவத்தை மாற்றிக்கொண்டு அதைக் கடக்க வேண்டும்; இரண்டுக்கும் விசை தேவை. அழுத்தம் கூடிய டயரோ அதே கல்லில் பட்டுத் தெறிக்கிறது. தெறித்த கணத்தில் அதன் மேல் எடையே இல்லை, எடை இல்லாதபோது பிடிப்பும் இல்லை.

இதோடு ஒட்டியதுதான் உருள்தடை பற்றிய கேள்வி. காற்று குறைந்தால் வண்டி இழுக்கும் என்பது தார்ச்சாலை அனுபவம், அங்கே அது உண்மை. ரப்பரும் நூலும் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி விரியும்போது, அமுக்கியபோது செலவான ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கரைகிறது. காற்று குறையக் குறைய அமுக்கம் கூடுவதால் இந்த இழப்பும் கூடுகிறது. ஆனால் வேரும் கல்லும் நிறைந்த பாதையில் இன்னொரு இழப்பு இதைவிடப் பெரிதாகிவிடுகிறது. இறுக்கமான டயர் ஒவ்வொரு கல்லுக்கும் வண்டியையும் ஓட்டுபவரையும் சேர்த்தே மேலே தூக்குகிறது. அப்படித் தூக்கிய ஆற்றலில் பெரும்பங்கு முன்னோக்கிய வேகமாகத் திரும்பாமல், அதிர்வாக உடலின் தசைகளில் அடங்கிப்போகிறது. மென்மையான டயர் கல்லைத் தனக்குள் விழுங்கிக்கொண்டு அச்சை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நகர்த்திச் செல்கிறது. ஆகவே கரடுமுரடான தரையில் குறைந்த அழுத்தம் பிடிப்பைக் கூட்டுவதோடு வேகத்தையும் தருகிறது.

பெரிய சக்கரத்தின் பயனும் இந்த வகையைச் சேர்ந்ததே. 8 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வேரை எடுத்துக்கொண்டால், 29 அங்குலச் சக்கரம் அதைச் சந்திக்கும் கோணம் 26 அங்குலச் சக்கரத்தின் கோணத்தைவிடச் சுமார் 2 பாகை குறைவு; ஏறுவதற்குத் தேவையான கிடைவிசை ஏறக்குறைய 7 விழுக்காடு குறைகிறது. கேட்கச் சிறியதாகத் தோன்றும் இந்த வேறுபாடு ஒவ்வொரு வேரிலும் சேர்ந்துகொண்டே போகிறது.

அப்படியானால் அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போகக் கூடாதா? கீழெல்லையைத் தீர்மானிப்பவை மூன்று. கல்லில் மோதும்போது டயர் முழுவதுமாக நசுங்கினால் ரிம் நேரடியாக அடி வாங்குகிறது. உள்ளே ட்யூப் இருந்தால் கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் இடையே சிக்கி, பாம்பு கடித்தது போன்ற இரட்டைத் துளை விழுகிறது. வளைவில் சாய்க்கும்போது டயரின் பக்கச்சுவர் மடிந்து, வண்டி ஓட்டுபவர் நினைத்த திசையிலிருந்து நழுவுகிறது. ட்யூப் இல்லாத டயராக இருந்தால், பக்கவாட்டு விசையில் டயரின் ஓரம் ரிம்மிலிருந்து ஒரு கணம் விலகிக் காற்று வெளியேறிவிடுகிறது.

டயர் தொழில்நுட்பத்தின் வரலாற்றை இந்தக் கீழெல்லையை மேலும் கீழே தள்ளும் முயற்சியாகவே நான் பார்க்கிறேன். 1999இல் மாவிக் நிறுவனம் மிஷலின், ஹட்சின்சன் ஆகிய டயர் நிறுவனங்களுடன் சேர்ந்து மலைச் சைக்கிளுக்கான ட்யூப்லெஸ் முறையை வெளியிட்டது. ட்யூப் நீங்கியதும் இரட்டைத் துளைப் பஞ்சரின் தொல்லை பெருமளவு குறைந்தது. டயரோடு உரசி வெப்பத்தை உண்டாக்கிய ஓர் அடுக்கும் இல்லாமல் போனது. முள்ளோ கண்ணாடித் துண்டோ குத்தும் துளைகளை அடைப்பதற்கு உள்ளே சீலன்ட் என்னும் திரவம் ஊற்றப்படுகிறது. பல சீலன்ட்களின் அடிப்படைப் பொருள் இயற்கை ரப்பர் பால்தான். அந்தப் பாலில் நுண்ணிய ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தோடு நீரில் மிதக்கின்றன. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் தோட்டக்காரர்கள் செய்வதைப் போலவே அம்மோனியா சேர்த்து அது உறையாமல் காக்கப்படுகிறது. துளை வழியே காற்று பீறிடும்போது திரவமும் அங்கே இழுத்துச் செல்லப்பட்டு, நீரும் அம்மோனியாவும் ஆவியாக, துகள்கள் நெருங்கிக் கூடி ஒட்டிக்கொள்கின்றன. கலந்திருக்கும் இழைகளும் பொடிகளும் அந்தக் கட்டிக்குச் சாரம் அமைக்கின்றன. சில மில்லிமீட்டர் வரையிலான துளைகள் இவ்வாறு தாமாகவே மூடிக்கொள்வதை நேரில் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்பு தீர்வதில்லை. வெப்பநாட்டில் இந்தத் திரவம் இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துபோவதால், அவ்வப்போது திறந்து பார்த்து நிரப்ப வேண்டும்.

டயரின் உறை என்பது ஒன்றுக்கொன்று குறுக்காக, சாய்வாக அடுக்கப்பட்ட நைலான் நூல்களின் மேல் ரப்பர் பூசியது. அதில் உண்டாகும் இழுவிசை, காற்றழுத்தத்தை டயரின் குறுக்கு வெட்டு ஆரத்தால் பெருக்கிய அளவுக்குச் சமம். இந்த ஒரு பெருக்கலை மனத்தில் வைத்துக்கொண்டால் அகலத்தைப் பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 2.0 அங்குல டயரிலிருந்து 2.4 அங்குலத்துக்கு மாறுகிறவர் அதே 30 பிஎஸ்ஐ அழுத்தத்தை வைத்தால், உறையின் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு கூடி, டயர் முன்னைவிடக் கடினமாகத் தோன்றும். பழைய இறுக்கமே போதும் என்றால் 25 பிஎஸ்ஐ வைத்தால் சரியாகும். அகல டயர் தரும் உண்மையான வரம் இதுதான்: ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே அதிக உயரத்தை வைத்துக்கொண்டு அழுத்தத்தைக் குறைக்க அது இடம் தருகிறது. அழுத்தத்தைக் குறைக்க மனமில்லாதவர் அகல டயருக்குப் பணம் செலவழிப்பதில் பயன் மிகக் குறைவு.

உறையின் தடிமனும் இதே கணக்கில் வருகிறது. மெல்லிய உறை கொண்ட நெடுந்தூரப் பந்தய டயர் 700, 800 கிராம் எடை இருக்கும். இறக்கப் பந்தய டயர் இரட்டை உறையோடு 1,200 கிராமைத் தாண்டும். தடித்த பக்கச்சுவர் மடியாமல் நிற்பதால் அழுத்தத்தை இன்னும் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைக்க முடிகிறது. விலையாக ஏற்றத்தில் கால்கள் அந்த எடையைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

பட்டன்கள் மண்ணோடு பேசும் பகுதி. ஈரச் சேற்றில் உயரமான, இடைவெளி மிகுந்த பட்டன்கள் மேற்பரப்பைத் துளைத்து அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொடுகின்றன. இடைவெளி அதிகம் என்பதால், சுழலும்போது சேறு எளிதில் உதிர்கிறது. அதே பட்டன்கள் காய்ந்து இறுகிய தரையிலோ பாறையிலோ ஊன்ற இடமின்றி வளைந்து நெளிகின்றன. அங்கே குட்டையான, நெருக்கமான பட்டன்களே மேல். பட்டனின் முன்விளிம்பு சாய்வாக இருந்தால் உருள்வது எளிது. பின்விளிம்பு செங்குத்தாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது அது மண்ணைக் கவ்வுகிறது. ஓரப் பட்டன்கள் சாய்வுக்கானவை. நடுவரிசைக்கும் ஓரவரிசைக்கும் இடையே வெற்றிடம் விட்ட டயர்கள், வண்டியைத் துணிந்து நன்றாகச் சாய்ப்பவருக்கு மிகச் சிறப்பாகப் பணிசெய்யும். தயங்கித் தயங்கிச் சாய்ப்பவரை அந்த வெற்றிடத்தில் தவிக்கவிடும். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இடைவெளியில்லாத, உருண்டையான அமைப்புள்ள டயரையே நான் பரிந்துரைப்பேன்.

ரப்பரின் வேதியியலில் ஓர் அழகான முரண் இருக்கிறது. உருள்தடை குறைய வேண்டுமானால் ரப்பர் ஆற்றலை வீணாக்கக் கூடாது. ஈரப் பாறையில் பிடிப்பு வேண்டுமானால் அது ஆற்றலை நிறைய விழுங்க வேண்டும். நனைந்த பரப்பில் நீர்ப்படலம் ரப்பருக்கும் கல்லுக்கும் இடையிலான ஒட்டலைத் தடுத்துவிடுவதால், கல்லின் நுண்மேடுகள் ரப்பரைக் குத்தி அமுக்கும்போது ஏற்படும் உள்ளிழப்புதான் பிடிப்பின் பெரும்பகுதியைத் தருகிறது. இந்த முரணைத் தீர்க்க உதவுவது அதிர்வெண். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 29 அங்குலச் சக்கரம் நொடிக்கு இரண்டரை முறைதான் சுழல்கிறது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது டயர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நழுவினால், 0.1 மில்லிமீட்டர் இடைவெளியிலுள்ள நுண்மேடுகள் ரப்பரை நொடிக்குப் பத்தாயிரம் முறை குத்துகின்றன. மெதுவான அமுக்கத்துக்கு வில்லாகவும் வேகமான குத்தலுக்குப் பாகாகவும் நடந்துகொள்ளும்படி ரப்பர்க் கலவையைச் சமைப்பதே டயர் வேதியியலாளரின் கலை; சிலிக்கா கலந்த ரப்பர் இந்தத் திசையில் பெரிதும் உதவியது.

ரப்பரின் கடினம் ஷோர் ஏ என்ற அளவுகோலில் குறிக்கப்படுகிறது: 60 அளவு கடினம், 50 நடுத்தரம், 42 மிக மென்மை. குளிரில் ரப்பர் இறுகும் என்பதால், ஐரோப்பியக் குளிர்காலத்துக்காக எழுதப்பட்ட பரிந்துரைகளைச் சிங்கப்பூரில் இருக்கும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் 5 பாகையில் மரத்துப்போகும் நடுத்தர ரப்பர் இங்கே 30 பாகையில் நன்கு இளகிச் செயல்படுகிறது. மிக மென்மையான ரப்பரோ நம் கருங்கல் சரளையில் விரைவாகத் தேய்ந்துபோகிறது.

என்னிடம் இரண்டு வண்டிகள் உள்ளன. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள 29 அங்குல வண்டியைப் புக்கிட் தீமாவிலும் செஸ்ட்னட் இயற்கைப் பூங்காவிலும் ஓட்டுகிறேன். அங்கே களிமண்ணும் மழைக்குப் பின் வழுக்கும் வேர்களுமே சோதனை. முன்னால் 2.4 அங்குலம், மென்மையான ரப்பர், தாராளமான ஓரப் பட்டன்கள், பின்னால் 2.3 அங்குலம், சற்றுக் கடினமான ரப்பர், தாழ்ந்த நடுப் பட்டன்கள். பின்சக்கரம் நழுவினால் வண்டியைத் திருத்திவிடலாம். முன்சக்கரம் நழுவினால் விழுவதைத் தவிர வழி அரிது என்பதால் நல்ல ரப்பர் முன்னால்தான் இருக்க வேண்டும். எடையும் மிதிவிசையும் மிகுதியாக விழும் பின்டயர் விரைவில் தேயும் என்பதும் அதைக் கடினமாக வைப்பதற்கு ஒரு காரணம். இரு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள மற்றொரு வண்டி, புலாவ் உபின் தீவில் 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவுக்கானது. பழைய கருங்கல் குவாரியைச் சுற்றியுள்ள அந்தப் பாதைகளில் கூர்மையான சரளை அதிகம். ஆகையால் அதில் பின்டயருக்குத் தடித்த உறையைத் தேர்ந்தேன், பட்டனின் வடிவத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

அழுத்தத்தைத் தேர்வதற்கு எளிய வழி, முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ என்பது போன்ற ஓர் அளவில் தொடங்கி, தெரிந்த பாதை ஒன்றில் ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைத்துப் பார்ப்பது. ரிம் கல்லைத் தொடும் ஓசை கேட்டாலோ வளைவில் டயர் நெளிந்தாலோ ஒன்றிரண்டு பிஎஸ்ஐ திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். 22இல் ஒரு பிஎஸ்ஐ என்பது நான்கு, ஐந்து விழுக்காடு. ஆகவே 160 பிஎஸ்ஐ வரை காட்டும் பம்பின் முள்ளை நம்பாமல், குறைந்த அழுத்தத்துக்கென்றே உள்ள டிஜிட்டல் மானியை வாங்குவது நல்லது. அளக்கும் இடமும் முக்கியம். குளிரூட்டிய அறையில் 24 பாகையில் 22 பிஎஸ்ஐ வைத்த டயர், வெயிலில் நிற்கும் காரின் பின்பகுதியில் 45 பாகைக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 24.5 பிஎஸ்ஐ ஆகிவிடும். எனவே பாதையின் தொடக்கத்துக்கு வந்து, நிழலில் சற்று நேரம் வண்டியை நிறுத்திவைத்த பிறகே மானியை வால்வில் பொருத்த வேண்டும்.