கழுகு போட்ட ஆயிரம் பெசோ: பாலிமர் நோட்டை வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

பிலிப்பீன்ஸ் மத்திய வங்கி 2022 ஏப்ரலில் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட 1,000 பெசோ பாலிமர் நோட்டைப் புழக்கத்தில் விட்டதிலிருந்து, சிங்கப்பூரில் நாணய மாற்றுக் கடையின் முகப்பில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களிடம், மாற்று விகிதத்தைக் கேட்கும் முன்பே "இந்த நோட்டு செல்லுமா?" என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுப் பணியாளருக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பெசோவாகக் கொடுக்க விரும்பும் தமிழ்க் குடும்பங்கள், செபுவுக்குச் சுற்றுலா செல்பவர்கள், டாவாவோவில் மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் போகும் பெற்றோர் எனக் கேட்பவர்கள் பலவிதம். சந்தேகம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: காகித நோட்டில் இருந்த மனித முகம் இந்த நோட்டில் இல்லை.

பழைய 1,000 பெசோவில் ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது உயிர்நீத்த ஹோசே அபாத் சாந்தோஸ், விசென்டே லிம், ஹோசெஃபா யானெஸ் எஸ்கோடா ஆகிய மூவரின் உருவங்கள் இருந்தன. பாலிமர் நோட்டில் அவர்களுடைய இடத்தைப் பிலிப்பீன்ஸ் கழுகும் சம்பாகித்தா மலரும் பிடித்தன. தியாகிகளை எடுத்துவிட்டுப் பறவையைப் போடுவதா என்று அந்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது; அந்த வருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் பன்னாட்டு வங்கி நோட்டுச் சங்கம் 2022ஆம் ஆண்டின் சிறந்த நோட்டாக இதையே தேர்ந்தெடுத்தது. சம்பாகித்தா வேறொன்றுமில்லை, நம் ஊரில் பந்தாகக் கட்டி விற்கும் குண்டுமல்லிதான்; நம்மவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் முதலில் அடையாளம் காண்பது இந்தப் பூவைத்தான்.

2024 டிசம்பரில் மேலும் மூன்று பாலிமர் நோட்டுகள் வந்தன. மஞ்சள் நிற 500 பெசோவில் விசாயாஸ் தீவுகளின் புள்ளிமான், ஊதா நிற 100 பெசோவில் பலவான் தீவில் மட்டுமே வாழும் மயிலினப் பறவை, சிவப்பு நிற 50 பெசோவில் விசாயாஸ் சிறுத்தைப்பூனை ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஒவ்வொன்றிலும் விலங்குக்குத் துணையாக அந்நாட்டுச் செடி ஒன்றின் பூவும் உண்டு. அந்த மான் நம் காட்டுப் புள்ளிமானைப் போல் பளிச்சென்ற புள்ளிகளோடு இருக்காது. கரும்பழுப்பு உடலில் மங்கலான புள்ளிகளே தெரியும். ஆகவே படம் சரியாக அச்சாகவில்லை என்று நினைத்து நோட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை. 200 பெசோவுக்குப் பாலிமர் வடிவம் வரவில்லை. யாராவது 200 பெசோ பாலிமர் நோட்டை நீட்டினால் அதைத் தொடவே வேண்டாம்.

காகித நோட்டுகள் செல்லாமல் போய்விட்டன என்ற வதந்தி கைபேசிக் குழுக்களில் அவ்வப்போது சுற்றுகிறது. பணிப்பெண்களிடம் அந்த வதந்தியைச் சொல்லிப் பயமுறுத்தி, அவர்கள் வைத்திருக்கும் காகித நோட்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். 2010 முதல் வெளியான புதிய தலைமுறைக் காகித நோட்டுகளும் பாலிமர் நோட்டுகளும் சேர்ந்தே புழங்கும் என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது. இரண்டின் மதிப்பும் ஒன்றே. உண்மையில் செல்லாமல் போனவை அதற்கும் முந்தைய, 1985இல் தொடங்கிய வரிசை நோட்டுகள்தாம். அவற்றை மாற்றிக்கொள்ளும் கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2017 டிசம்பரோடு முடிந்துபோனது. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த அத்தகைய கட்டுகளை இன்றும் சிலர் முகப்புக்குக் கொண்டுவருகிறார்கள். அவற்றை எந்த மாற்றுக் கடையும் வாங்காது.

கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதற்கு நமக்குப் பழகிப்போன வழிகள் பாலிமருக்கு உதவாது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பிலிப்பீன்ஸின் காகித நோட்டு 80 விழுக்காடு பருத்தியும் 20 விழுக்காடு அபாக்கா என்னும் மணிலா நாரும் கலந்த தாள். அதில் நீர்க்குறி தெரியும், சிவப்பும் நீலமுமாகச் சிறு இழைகள் சிதறிக் கிடக்கும். பாலிமர் நோட்டின் அடிப்படை பாலிப்ரொப்பிலீன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் என்பதால் அதில் நார் கிடையாது. இழைகளைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவுகட்டினால் நல்ல நோட்டைத்தான் ஒதுக்குவோம். கடைகளில் பயன்படுத்தும் சோதனைப் பேனாவும் வீண். அதன் மையில் உள்ள அயோடின் சாதாரணத் தாளில் இருக்கும் மாவுச்சத்தோடு வினைபுரிந்தால்தான் கறுக்கும். பிளாஸ்டிக்கில் மாவுச்சத்து ஏது? போலி பிளாஸ்டிக் நோட்டில் கோடு போட்டாலும் அது கறுக்காது, நாமும் நல்லது என்று நம்பிவிடுவோம்.

நான் முதலில் பார்ப்பது ஒளி ஊடுருவும் சாளரத்தை. ஒளிபுகும் படலத்தின் இருபுறமும் வெண்மை பூசி அதன்மேல் அச்சிடுகிறார்கள். சாளரம் என்பது பூச்சு படாமல் விட்ட இடம். அதனால் சாளரமும் நோட்டின் மற்றப் பகுதியும் ஒரே படலம். கட்டைவிரல் நகத்தைச் சாளரத்தின் குறுக்கே இருபுறமும் இழுத்துப் பாருங்கள்; ஒட்டுப்போட்ட விளிம்பு எங்கும் நகத்தில் தட்டக் கூடாது. தாளை வெட்டி எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் ஒளிபுகும் ஒட்டுத்தாளைப் பதித்திருந்தால், வெட்டிய கோடு நகத்தில் சிக்கும், ஓரத்தில் நுண்ணிய காற்றுக் குமிழிகளும் தெரியும். அடுத்து, மேடான அச்சை விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பார்வைக் குறைபாடு உடையோருக்காகத் தொட்டு உணரும் புள்ளிகளும் உண்டு. பிறகு நோட்டை மெல்லச் சாய்த்தால் உலோகப் பளபளப்புள்ள பகுதியில் ஒளி நகர வேண்டும். வரிசை எண்ணின் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும். புற ஊதா விளக்கில் நோட்டு முழுவதும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் அதை வாங்காதீர்கள்.

ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. வரிசை நீண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதையெல்லாம் செய்ய நேரமேது என்று சக ஊழியர்கள் கேட்பதுண்டு; கை பழகிவிட்டால் நகம், விரல், சாய்வு ஆகிய மூன்றையும் நோட்டை எண்ணும்போதே முடித்துவிடலாம்.

புது பாலிமர் நோட்டுகள் நிலைமின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணும் இயந்திரத்தில் போடுமுன் கட்டை விசிறிபோல் விரித்து உதற வேண்டும். கையால் எண்ணும்போது இரண்டு நோட்டுகள் ஒன்றாக நழுவிப் போவது சாதாரணம். வாடிக்கையாளர்கள் முகப்பிலேயே மறுபடி எண்ணிக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது.

மடித்த 1,000 பெசோ நோட்டை வாங்க மாட்டோம் என்று மணிலாவில் ஒரு பெரிய வணிக வளாகம் 2022இல் அறிவிப்பு வைத்தது பெரும் குழப்பத்தை உண்டாக்கியது. மடிப்பு விழுந்த நோட்டும் செல்லும் என்று மத்திய வங்கி உடனே தெளிவுபடுத்தியது. பணப்பையில் ஒரு மடிப்பு மடித்து வைப்பதால் எந்தக் கேடும் இல்லை. அதை நகத்தால் அழுத்தித் தேய்த்துக் கூர்மையான கோடாக்குவதுதான் மையைப் பெயர்க்கும். ஸ்டேப்ளர் பின் அடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் படலத்தை வெட்டு விழாத இடத்தில் கிழிப்பது கடினம், ஆனால் ஊசித்துளை அளவுக்கு ஒரு வெட்டு விழுந்துவிட்டால் போதும், கிழிசல் விறுவிறுவென்று ஓடிவிடும். சூட்டைப் பொறுத்தவரை காகிதம்தான் மேல். துணியோடு துவைபட்ட காகித நோட்டை இஸ்திரி போட்டு உலர்த்தும் பழக்கத்தைப் பாலிமரிடம் காட்டினால் நோட்டு சுருங்கிவிடும். அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெளுப்பானும் அமிலமும் வேண்டாம்.

சுருங்கிய, கிழிந்த நோட்டுகளை வெளிநாட்டு மாற்றுக் கடைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எங்களால் அவற்றை மேற்கொண்டு விற்க முடியாது என்பதே காரணம். அவற்றைப் பிலிப்பீன்ஸ் செல்பவரிடம் கொடுத்து அங்குள்ள வங்கியில் சேர்ப்பிக்கச் சொல்லலாம். நோட்டின் பரப்பில் ஐந்தில் மூன்று பங்காவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதிகளில் ஒன்று. நோட்டில் எழுதுவதும் வேண்டுமென்றே கிழிப்பதும் எரிப்பதும் அந்நாட்டில் 1973ஆம் ஆண்டின் ஆணைப்படி குற்றம். 20,000 பெசோ வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ விதிக்கலாம். விருந்தினர் பெயரை நோட்டில் எழுதி மொய் வைக்கும் நம் பழக்கத்தை அங்கே நடக்கும் திருமணத்தில் காட்ட வேண்டாம்.

கையில் கொண்டுபோகும் தொகைக்கும் வரம்பு உண்டு. மத்திய வங்கியின் முன் அனுமதி இல்லாமல் ஒருவர் 50,000 பெசோவுக்கு மேல் அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லவோ அங்கிருந்து எடுத்துவரவோ முடியாது. 1,000 பெசோ நோட்டுகளில் அது ஐம்பது நோட்டுகள்தான். அதற்கு மேல் தேவைப்படுபவர்கள் மீதியைச் சிங்கப்பூர் வெள்ளியாகவோ அமெரிக்க டாலராகவோ எடுத்துச் சென்று அங்கே மாற்றிக்கொள்வதே முறை.