நோகாத புண்

ஆணுறுப்பில் ஒரு புண் வந்தால் யாழ்ப்பாணத்து ஆண் முதலில் தேடுவது டொக்டரை இல்லை, தன்னைத் தெரியாத ஒரு பாமசியை. உரும்பிராய்க்காரர் சாவகச்சேரிக்குப் போவார். சாவகச்சேரிக்காரர் யாழ் நகரத்துக்கு வருவார். கடையில் பெண்பிள்ளை நின்றால் அந்தக் கடையும் சரிவராது. ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து, "தம்பி, புண்ணுக்குப் பூசிற மாதிரி ஒரு கிறீம் தாங்கோ" என்பார். எங்கே புண் என்று அவரும் சொல்லமாட்டார், கடைக்காரரும் கேட்கமாட்டார்.

கையில் கிடைப்பது ஸ்டீரொய்ட் கலந்த கிறீமாக இருந்தால் சிவப்பும் கடியும் இரண்டொரு நாளில் அடங்கிவிடும். ஸ்டீரொய்ட் கிருமியைக் கொல்லாது. அந்த இடத்து எதிர்ப்புச் சக்தியைத்தான் அடக்கும். புண்ணுக்குக் காரணம் பங்கசு என்றால் அதற்கு அது இன்னும் வசதி.

நோகிற புண் என்றால் எவரும் எப்படியாவது மருந்து தேடிவிடுவார்கள். நோகாத புண்ணில்தான் ஏமாறுகிறோம். சிபிலிஸ் என்ற நோயின் முதற்புண் அப்படிப்பட்டது. உடலுறவு நடந்து 9 முதல் 90 நாட்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரமளவில், கிருமி புகுந்த இடத்தில் அது தோன்றும். அநேகமாக ஒரே ஒரு புண். வட்டமாக, அடிப்பாகம் சுத்தமாக இருக்கும். விளிம்பைத் தொட்டால் குருத்தெலும்பு மாதிரி விறைப்பாகத் தட்டுப்படும். கவட்டில் நெறி கட்டியிருக்கும், அதுவும் நோகாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் எந்த மருந்தும் இல்லாமல் தானாக ஆறிவிடும். இடையில் எதையாவது பூசியவர் அந்த மருந்துதான் சுகமாக்கியது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

உள்ளே நடப்பது வேறு. இந்த நோயின் பக்டீரியா மெல்லிய சுருள் போன்றது. 1905இல் ஜேர்மனியில் ஷவுடினும் ஹொஃப்மனும் இதை முதலில் கண்டார்கள். அதன் வெளிச்சவ்வில் புரதங்கள் மிகக் குறைவு. நமது எதிர்ப்புச் சக்தி கிருமிகளை அடையாளம் காண்பதே இப்படியான வெளிப்புரதங்களை வைத்துத்தான் என்பதால், இதைப் பிடிப்பது கடினம். புண் இருந்த இடத்தில் வெள்ளணுக்கள் சேர்ந்து பெரும்பாலானவற்றை அழித்துவிடும், அதனால்தான் புண் ஆறுகிறது. ஆனால் புண் தோன்றுவதற்கு முன்னரே ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து போயிருக்கும். சில வாரங்கள் கழித்து உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பெல்லாம் தடிப்புகள் வரலாம். காய்ச்சல் வரலாம், முடி திட்டுத்திட்டாகக் கொட்டலாம். அதுவும் போய்விடும். பிறகு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கடைசியில் மூளை, கண், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி என்று எங்காவது பாதிப்பு வெளிப்படும்போது, அந்தப் பழைய புண் யாருக்கு நினைவிருக்கும்?

இவ்வளவு தந்திரமான கிருமிக்கு இன்றைக்கும் மருந்து பென்சிலின்தான் என்பதுதான் வேடிக்கை. 1943இல் அமெரிக்காவில் ஜோன் மஹோனி முதன்முதலாகச் சிபிலிஸ் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். எத்தனையோ கிருமிகள் பென்சிலினைத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டன. இது இன்னும் பழகவில்லை. ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது. பக்டீரியா பெருகும் நேரத்தில், தன் சுவரைக் கட்டும்போதுதான் பென்சிலின் அதைக் கொல்லும். குடலில் வாழும் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். சிபிலிஸ் கிருமிக்கோ 30 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதனால் மருந்து இரத்தத்தில் நாட்கணக்கில் தங்கவேண்டும். பென்சதீன் பென்சிலின் அதற்கென்றே செய்த ஊசி. பிட்டத்துத் தசையில் போட்டால் அங்கேயே தங்கி, இரண்டு மூன்று வாரம் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் சேரும். ஆரம்பநிலை நோய்க்கு 24 இலட்சம் அலகு, ஒரே தடவை. போடும்போது நன்றாக நோகும், அதை மறைக்கத் தேவையில்லை. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை இரண்டு வாரத்துக்குக் கொடுப்பார்கள்.

நோகிற புண்களில் முதலாவது ஹேர்பீஸ். சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்து உடைந்து புண்ணாகும். முதல் தடவைதான் மோசம்: காய்ச்சல், கவட்டில் நோகிற நெறி, சிறுநீர் கழிக்கும்போது எரிவு. இந்த வைரஸ் தோலில் பெருகி, அங்குள்ள நரம்பு நுனி வழியாக மேலேறி, முதுகெலும்பின் அடிப்பக்கத்து நரம்புக் கணுக்களில் போய்ப் படுத்துவிடும். காய்ச்சல், நித்திரைக் குறைவு, மனஅழுத்தம் என்று ஏதாவது வரும்போது அதே நரம்பால் திரும்ப இறங்கும். கொப்புளம் வருவதற்கு முதல்நாள் அந்த இடம் சுணைக்கும். பல தடவை வந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அசைக்குளோவிர் குளிசை வேலைசெய்யும் விதம் அழகானது. வைரஸ் தயாரிக்கும் ஒரு நொதியம்தான் அதைச் செயற்படு நிலைக்கு மாற்றுகிறது. ஆகவே வைரஸ் புகுந்த கலத்தில் மட்டுமே மருந்து விழித்தெழுந்து வைரஸின் டிஎன்ஏ நீள்வதை நிறுத்தும், நல்ல கலங்கள் தப்பும். நரம்புக் கணுவில் உறங்குகிற வைரஸை மட்டும் அதனால் தொடமுடியாது. எனவே புண் சீக்கிரம் ஆறும், வருத்தம் அடியோடு போகாது. முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் பலன் கூட. வாயில் வரும் ஹேர்பீஸ் வாய்வழி உறவால் கீழேயும் வரலாம்.

இனி, உடலுறவுக்குச் சம்பந்தமே இல்லாத புண்கள். வீட்டில் தேவையில்லாத சண்டை வருவது இவற்றால்தான்.

ஒருவர் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஏதோ குளிசை போடுகிறார். சில மணித்தியாலத்திலோ சில நாட்களிலோ ஆணுறுப்பின் நுனியில் ஒரு வட்டம் சிவந்து, எரிந்து, உரிந்து புண்ணாகிறது. ஆறியபின் கரும்பழுப்பு அடையாளம் மிஞ்சும். ஆறு மாதம் கழித்து அதே குளிசை, அதே இடத்தில் அதே வட்டம். முதல் தடவை வந்த வெள்ளணுக்கள் சில அந்தத் தோலிலேயே குடியிருந்து, மருந்து திரும்ப வந்ததும் தாக்குகின்றன. கோட்ரைமொக்சசோல், டெட்ராசைக்கிளின் வகைகள், சில நோவுக் குளிசைகள் இதற்குப் பேர்போனவை. சிகிச்சை அந்த மருந்தை நிறுத்துவதும், அதன் பெயரை எழுதி வைத்திருந்து எந்த டொக்டரிடமும் காட்டுவதுமே.

மற்றது சீனி வருத்தம். சிறுநீரில் சீனி போனால் முன்தோலுக்கு உள்ளே கன்டிடா என்ற பங்கசு நன்றாக வளரும். சிவப்பு, கடி, வெள்ளைப் படிவு, முன்தோலில் சிறு வெடிப்புகள். சிலருக்குத் தங்களுக்குச் சீனி இருப்பதே இதனால்தான் தெரியவருகிறது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற புதிய சீனிக் குளிசைகள் வேலைசெய்வதே சீனியைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். ஆகவே சீனி கட்டுப்பாட்டில் இருந்தாலும் இந்தத் தொல்லை வரலாம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம், கிளினிக்கில் சொல்லுங்கள். குளோட்ரிமசோல் கிறீமும் வெறும் தண்ணீரால் கழுவுவதும் பெரும்பாலும் போதும். டெட்டோல் ஊற்றிக் கழுவுகிறவர்கள் புண்ணோடு ஒரு எரிகாயத்தையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இரவில் கடிக்கிற சிறு கட்டிகள் விதைப்பையிலும் உறுப்பிலும் இருந்தால், அதோடு வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால், அது சிரங்காக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். வயதானவர்களில், அதுவும் முன்தோல் இறுகியவர்களில், சில வாரமாகியும் ஆறாத புண்ணில் ஒரு துண்டு எடுத்துப் புற்றுநோயா என்று பார்க்கவேண்டும்.

பெரியாஸ்பத்திரியில் பாலியல் நோய்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கடிதம் தேவையில்லை, காசும் இல்லை, விபரம் வெளியே போகாது. போகமுதல் எதையும் பூசாமல் போவது நல்லது. புண்ணின் நீரை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சிபிலிஸ் சுருள்கள் நெளிவது தெரியும். அன்ரிபயோட்டிக் பூசியிருந்தால் அவை தெரியாமல் போகலாம். விடிஆர்எல் என்ற இரத்தப் பரிசோதனை புண் வந்த தொடக்கத்தில் பொய்யாக "இல்லை" என்று காட்டக்கூடும். அதனால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். எச்ஐவிக்கும் பார்ப்பார்கள், ஏனென்றால் திறந்த புண் அந்த வைரஸுக்கும் வழி.

மனைவியையும் அழைத்துவரச் சொன்னால் கோபிக்க வேண்டாம். ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்ப வந்துவிடும். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றும். அதனால்தான் இலங்கையில் கர்ப்பிணித் தாய்மார் எல்லோருக்கும் சிபிலிஸ் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிஸும் எச்ஐவியும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்று கொடுத்தது.

பென்சிலின் ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சல், குளிர், தலையிடி வந்தால் பயப்படவேண்டாம். கிருமிகள் ஒரேயடியாகச் செத்து உடைவதால் வருவது அது. பரசிற்றமோல் போட்டால் ஒரு நாளில் போய்விடும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது ஒவ்வாமை, உடனே ஓடவேண்டும். புண் முழுதாக ஆறி, துணையின் சிகிச்சையும் முடியும்வரை உறவு வேண்டாம். இரத்தப் பரிசோதனைக்கு ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் திரும்ப வரச் சொல்லித் திகதி தருவார்கள். விடிஆர்எல் அளவு நான்கில் ஒரு பங்காகவேனும் குறைந்தால்தான் ஊசி வேலைசெய்தது என்று எடுப்பார்கள்.