ராமானுஜன் விட்டுவிட்ட எண்

டெல்டாவில் நெல் அளந்த மரக்கால் வீட்டுக்கு வீடு பரணுக்குப் போய்விட்டது. கணக்கு மட்டும் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது: பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். களத்தில் நின்று பங்கு பிரிப்பவருக்கு இந்தப் பன்னிரண்டு எவ்வளவு சௌகரியம்! இரண்டு பேர், மூன்று பேர், நாலு பேர், ஆறு பேர், யார் வந்தாலும் முழு மரக்காலாகவே கொடுத்துவிடலாம். பத்தை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

1, 2, 3, 4, 6, 12 எனப் பன்னிரண்டுக்கு ஆறு காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும்விட அதிகக் காரணி கொண்டவை மிகு பகு எண்கள். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1915-ல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியிட்ட நீண்ட கட்டுரை இவற்றைப் பற்றியதுதான். மறு ஆண்டு அவருக்குப் பட்டம் கிடைத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான்.

அதில் நூற்றுக்கு மேற்பட்ட எண்களுக்கு அட்டவணை போட்டிருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலம். கடைசி எண் 6746328388800. அத்தனை நீண்ட வரிசையில் ஒரே ஓர் எண் விடுபட்டுப்போயிற்று: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். முதலில் 60-ஐ எடுத்துக்கொள்வோம்: 2×2×3×5. ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ விட்டுவிடலாம், ஒரு தடவை எடுக்கலாம், இரண்டு தடவை எடுக்கலாம், மூன்று வழி. 3-க்கு இரண்டு வழி, 5-க்கு இரண்டு வழி. 3×2×2 = 12 காரணிகள்.

நம் பெரிய எண்ணில் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஆக 7×5×3×3×2×2×2×2 = 5040. தடவைகள் இறங்கிக்கொண்டே போவது தற்செயல் இல்லை. 2-க்கும் 3-க்கும் தடவையை மாற்றிப் போட்டால் காரணிகள் அதே 5040தான், எண் மட்டும் இரண்டே கால் மடங்காகப் பெருத்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த 5040. சரியாக மூன்று காரணி உள்ள மிகச் சிறிய எண் 4. நாலு காரணிக்கு 6. ஆறுக்கு நம் கலத்தின் 12. பன்னிரண்டுக்கு 60. அறுபதுக்கு 5040. சரியாக 5040 காரணி உள்ள மிகச் சிறிய எண் எது? ராமானுஜன் விட்டுவிட்ட அதே எண்!

1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் இதில் மீதி வராது. 23-ல்தான் முதன்முதலாக மீதி நிற்கும். அந்த 23-ஆல் இதைப் பெருக்கினால் வருவது 6746328388800, அவருடைய அட்டவணையின் கடைசி எண்.