பத்து வயது நிறைந்த பிள்ளைக்குத் தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு

பத்து வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டலாம், எடுக்கலாம். இது தெரியாத வீடுகளில், உண்டியல் நிறைந்ததும் பணம் அப்பாவின் கணக்குக்குப் போய்விடுகிறது. பத்திரமாகத்தான் இருக்கும்; ஆனால் பிள்ளையைப் பொறுத்தவரை அது காணாமல் போன காசு.

தொடங்க 500 ரூபாய் வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ ஆகியவற்றோடு விண்ணப்பப் படிவத்தையும் கேஒய்சி படிவத்தையும் (ஆள் அடையாளம், முகவரியை உறுதிசெய்யும் படிவம்) கொடுக்க வேண்டும். சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒத்துப்பாருங்கள். அதன்பிறகு 10 ரூபாயிலிருந்து கட்டலாம். எடுப்பது என்றால் குறைந்தது 50 ரூபாய். இருப்பு 500க்குக் கீழே இறங்கும்படி எடுக்க முடியாது. அந்த 500 அசையாமல் கிடக்க வேண்டிய பணம் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாற்றம் இருக்காது.

நடைமுறையில் அதிகம் சிக்கல் தருவது கையெழுத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் தமிழில் போடும், இன்னொரு நாள் ஆங்கிலத்தில் சுழித்துப் போடும். கணக்கு தொடங்கும்போது போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாவிட்டால் பணம் கிடைக்காது. முழுப் பெயரைப் பள்ளி நோட்டில் எழுதுவது போலவே எழுதச் சொல்லுங்கள். அஞ்சலகம் போவதற்கு முன் ஒரு தாளில் இருபது முறை போட்டுப் பழகட்டும். பணம் எடுக்கும் படிவத்தையும் பிள்ளையே நிரப்பட்டும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுத வேண்டும். தப்பானால் அடித்துத் திருத்தாமல் புதுப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். கணக்கிடும் விதத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இதில் முக்கியமான பாடம் என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. கணக்கில் 1,000 ரூபாய் இருக்கிறது, 25ஆம் தேதி 400 எடுத்தால், அந்த மாதம் வட்டி 600க்கு மட்டும்: 2 ரூபாய். எடுக்காமல் விட்டிருந்தால் 3 ரூபாய் 33 காசு. 12ஆம் தேதி கட்டிய பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. 9ஆம் தேதி கட்டியிருந்தால் உண்டு. ஆகவே கைச்செலவுப் பணத்தை மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். வட்டி நிதியாண்டு முடிவில்தான் வரவு வைக்கப்படும். ஏப்ரலில் பாஸ்புக்கைப் பதிவு செய்து, அந்த வரியைப் பிள்ளையிடமே காட்டிக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒருவர் பெயரில் ஒரு தனிக் கணக்குதான் அனுமதி. சின்ன வயதிலேயே நீங்கள் காப்பாளராக இருந்து கணக்கு தொடங்கியிருந்தால், இன்னொன்று தொடங்காமல், அதையே பிள்ளை நடத்த என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாஸ்புக்கோடு போய்க் கேளுங்கள். தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் வரவு செலவே இல்லையென்றால் கணக்கு முடங்கும். மீட்க விண்ணப்பமும் புதிய கேஒய்சியும் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பொங்கல் காசைக் கட்டினாலே இந்தத் தொல்லை இல்லை.

வங்கியிலும் இந்த வசதி உண்டு. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட அறிவிப்பின்படி, 10 வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கையும் குறித்த கால வைப்புக் கணக்கையும் தாங்களே நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம். எவ்வளவு தொகை வரை என்பதையும், ஏடிஎம் கார்டு, செக் புக் தருவதா என்பதையும் அந்தந்த வங்கியே முடிவு செய்யும்; கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்க முடியாது, கடன் விழும் என்ற பயம் வேண்டாம். இன்னும் சிறிய குழந்தை என்றால், வங்கிக் கணக்குக்கு அம்மாவே காப்பாளராக இருக்கலாம்.

18 வயது ஆனதும் வங்கி புதிய மாதிரிக் கையெழுத்தும் கணக்கை நடத்துவதற்கான புதிய ஒப்புதலும் கேட்கும். அஞ்சலகத்திலும் புதிய படிவமும் கேஒய்சி ஆவணங்களும் கொடுக்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால், பிறந்தநாள் கழிந்த வாரமே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.