பிஎஸ்ஏ கூடினால் ஊசியைக் குற்றம் சொல்லாதீர்கள்

முள்ளந்தண்டில் காயப்பட்டு, பல வருடங்களாகக் கதீற்றருடன் (சலம் போக வைக்கும் குழாய்) வாழும் ஒரு அண்ணை, ஆண் ஓமோன் குறைவுக்குப் போட்டுவந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார். "ஊசியால எனக்குக் கான்சர் வந்திட்டுதாம்." கையில் இருந்தது ஒரேயொரு பிஎஸ்ஏ ரிப்போர்ட். இரத்தம் எடுத்த அன்று அவருக்குச் சலத்தில் கிருமி, குளிர்காய்ச்சல். அதை யாரும் விசாரிக்கவே இல்லை. வன்னியில் இப்படி இன்னும் எத்தனை பேரைப் பார்க்கப்போகிறோம்?

பிஎஸ்ஏ என்பது, ஆண்களின் சலப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோயிலும் கூடும். கிருமித்தொற்றிலும், கதீற்றர் புதிதாகப் போட்டாலும், வயதோடு சுரப்பி வீங்கினாலும் கூடும். கிருமிக்கு மருந்து முடித்து ஆறு, எட்டுக் கிழமை பொறுத்துத் திரும்பச் சோதியுங்கள். டெஸ்டோஸ்டிரோன் நன்றாகக் குறைந்திருந்தவருக்கு ஊசி தொடங்கிய முதல் மாதங்களில் பிஎஸ்ஏ சற்று ஏறும், அது எதிர்பார்த்ததுதான். முதல் வருடத்துக்குள் தொடக்க அளவிலிருந்து 1.4க்கு மேல் ஏறி, மறுசோதனையிலும் அப்படியே நின்றால் சிறுநீரக அறுவை நிபுணரிடம் போக வேண்டும்.

இந்தப் பயத்துக்கு வேர் 1941இல் இருக்கிறது. விதைகளை அகற்றி டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய் அடங்குகிறது என்று மருத்துவர் சார்ள்ஸ் ஹகின்ஸ் காட்டினார், 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அது உண்மை. ஆனால் குறைத்தால் அடங்குகிறது, அதனால் கொடுத்தால் புற்றுநோய் வரும் என்று திருப்பிப் போட்டதுதான் பிழை. வயல் குடிக்கிற அளவுக்குத்தான் தண்ணீர் குடிக்கும். மிச்சம் வரம்பால் வழிந்துவிடும். புரோஸ்டேட்டும் ஓரளவுக்கு மேல் ஓமோனைப் பயன்படுத்துவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, 45 முதல் 80 வயது வரையான 5,000க்கும் மேற்பட்ட ஆண்களில் நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வெளிவந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களுக்கும் புரோஸ்டேட் புற்றுநோயில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: பிஎஸ்ஏ 3க்கு மேல் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. சோதிக்காமல் தொடங்குபவருக்கு அந்த ஆறுதல் பொருந்தாது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஜெல்லை எடுத்துப் பூசாதீர்கள். ஜிம்மில் யாரோ தரும் ஊசி வேண்டவே வேண்டாம், தம்பிமார். விந்தணு உற்பத்தி நின்றுபோகும், பிள்ளை வேண்டுமென்கிற நேரத்தில் அழுதுகொண்டு வருவீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் அளக்கக் காலையில், வெறும் வயிற்றோடு, பத்து மணிக்குள் இரத்தம் கொடுக்க வேண்டும், அதுவும் இரண்டு வேறு நாட்களில். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேரவே மதியமாகிவிடுகிறது, தெரியும். முதல் நாள் கிளினிக்கில் சொல்லி வையுங்கள், ஒழுங்கு செய்யலாம். ஊசி தொடங்கியபின் ஹீமற்றோகிறிட்டையும், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்பதையும், பார்க்க வேண்டும். 54 தாண்டினால் இரத்தம் தடித்துவிட்டது, அடுத்த ஊசி கிடையாது.

பயந்து நிறுத்தியவர்கள் தயவுசெய்து திரும்பி வாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு, குடிக்கிற குளிசை மட்டைகள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். சலம் போகக் கஷ்டம் என்று, புரோஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் பினாஸ்டரைட் குளிசையை மாதக்கணக்கில் குடிப்பவருக்குப் பிஎஸ்ஏ பாதியாகக் காட்டும். ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால், நாங்கள் அதை 6 என்று வாசிக்க வேண்டும்.